குறை எண் ஏழு

கோடரி மண்டையைப் பூசணிக்காய் போல இரண்டாகப் பிளந்தது.

"ஐயையோ, அது எங்க பெரியம்மா!" என்றாள், சோபாவுக்குப் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

சோபாவில் இருந்த விமர்சகன் திரையில் ஓடிய வீடியோ விளையாட்டை நிறுத்தவில்லை. பெரியம்மாவின் முகத்தோடு இன்னும் மூன்று நடைப்பிணங்கள் படியேறி வந்துகொண்டிருந்தன. முதலாவதன் தாடையை உடைத்தான். இரண்டாவதன் கழுத்தில் கோடரி சிக்கிக்கொண்டது. நெஞ்சில் உதைத்து உருவினான். மூன்றாவது சுவருக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

மடியிலிருந்த கணினியில் எழுதினான்: குறை நான்கு. பிணங்கள் சுவரில் மாட்டிக்கொள்கின்றன.

விளையாட்டை உருவாக்கியவன் மனைவியின் தம்பி. நிலையான வேலையை உதறிவிட்டு, மூன்று ஆண்டுகள் ஒற்றை ஆளாக உழைத்திருந்தான். முகங்களுக்கு வேறு வழியில்லாமல் குடும்ப ஆல்பத்தையே பிணங்களாக்கி உலவவிட்டிருந்தான். அடுத்த வாரம் வெளியீடு. இந்த விமர்சகன் ஒரு விளையாட்டைக் கைவிட்டால், பிறகு அதைத் தொடுவார் இல்லை. அவனுடைய கட்டுரை மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

காலையில் மைத்துனன் தொலைபேசியில் சொல்லியிருந்தான்: "சொந்தம்னு பார்க்காதீங்க அத்தான். கிழிச்சுத் தொங்கவிடுங்க." வீரமாகத்தான் சொன்னான், குரல்தான் நடுங்கியது.

நிறைகளும் இல்லாமல் இல்லை. கோடரியின் கனம் உள்ளங்கை வரை வந்தது. ரத்தம் கூரை வரை தெறித்தபோதெல்லாம் சிரிப்பும் வந்தது. விமர்சகன் மதியச் சாப்பாட்டை மறந்திருந்தான்.

"எல்லாரையும் போட்டிருக்கான்" என்றாள் மனைவி. "ரெண்டு சித்தப்பா, பால்காரர்... என்னைக்கூட ஒரு காது இல்லாம அலையவிட்டிருக்கான். உங்களைத்தான் காணோம்."

"நான் பொணமாகக்கூட லாயக்கில்ல போல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் சுருக்கென்று எங்கோ தைத்தது. அடுத்த இரண்டு குறைகளை எழுதும்போது அவன் சொற்கள் தேவைக்கு மேல் கூர்மையாக இருந்தன.

கடைசிக் கட்டம், மொட்டை மாடி. நாற்பது பிணங்கள் நாலா பக்கமும் சூழ்ந்தன. பால்காரரின் தலை உருண்டது. சித்தப்பாக்கள் இருவரும் ஒரே வீச்சில் சரிந்தார்கள். காதில்லாத மனைவியின் மார்பில் கோடரி இறங்கியபோது, பின்னாலிருந்து "நல்லா இருங்க!" என்று நிஜ மனைவியின் குரல் வந்தது.

அடுத்த வீச்சுக்குக் கைகள் உயர்ந்த கணத்தில் திரை உறைந்துபோனது.

இத்தகைய விளையாட்டில் நாயகனின் முகம் தெரியாது. அவன் கண்வழியே பார்ப்பதால் அவனுடைய கைகள் மட்டுமே தெரியும். இதுவரை அவை ஓரிடத்தில் நின்றதில்லை. இப்போது கோடரிப் பிடியை இறுக்கியபடி திரையை நிறைத்து நின்றன. விமர்சகன் இடக்கை விரல்களை எண்ணினான். மறுபடியும் எண்ணினான். அரிய இரை அகப்பட்ட மகிழ்ச்சியோடு தட்டச்சு செய்து, உரக்கவும் படித்தான்.

"குறை ஏழு. நாயகனின் இடக்கையில் நான்கு விரல்களே உள்ளன." பிறகு, திரும்பாமலே, "மூணு வருஷமா வரைஞ்சிருக்கான் உன் தம்பி. விரலை எண்ணிப் பார்க்கல, பாரேன்!" என்றான்.

பின்னால் துணி மடிக்கும் ஓசை நின்றது.

"உங்க கையைப் பாருங்க" என்றாள் அவள்.

அவன் குனிந்து பார்த்தான்.

மணமான புதிதில், மாமனார் கடையின் இரும்பு ஷட்டர் அறுந்து இறங்கியபோது, அதனடியில் பந்தெடுக்கப் புகுந்திருந்தான் ஏழு வயது மைத்துனன். அவனைச் சட்டையோடு பற்றி இழுத்தெறிந்த இடக்கை, சுண்டுவிரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. இருபது ஆண்டுகள். காயம் ஆறி, தழும்பு மங்கி, ஒன்பது விரல்களால் தட்டச்சு செய்வதே இயல்பாகி, விரல் ஒன்று குறைவு என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது.

முதல் ஆறு குறைகளில் அவன் ஒன்றையும் தொடவில்லை. ஏழாவது வரியை மட்டும் வெட்டியெடுத்து, ஓர் எழுத்தும் மாற்றாமல், நிறைகளின் பட்டியலில் ஒட்டினான்.