துவைக்காத சட்டை

"தூக்க மாத்திரை மட்டும் குடுக்காதீங்கண்ணே. மேலே போனா பிரஷர் இறங்கிரும்" என்றேன்.

போனில் ஆஷிக் அலி அண்ணன் சரி என்றார். கடையநல்லூர்க்காரர். ஜெர்மனியில் என் அண்ணன் பேச்சிராஜுடன் ஒரே வீட்டில் இருப்பவர்.

அண்ணனுடைய நாயின் பெயர் சீனி. முயலைவிடக் கொஞ்சம் பெரியது. வயதாகிவிட்டது, பயந்தால் மூச்சு இரைக்கும். அது ஃபிராங்க்பர்ட்டிலிருந்து சென்னை வரை விமானத்தின் அடியில், கூண்டுக்குள் தனியாக வர வேண்டும்.

உயிரோடு வந்து சேர வேண்டும். ஒரு வாரமாக எனக்கு வேறு நினைப்பு இல்லை.

நான் விலங்கியல் படித்தவள். அந்தப் படிப்பால் இந்த வீட்டில் யாருக்கும் இதுவரை ஒரு பயனும் இருந்ததில்லை.

அம்மா எதிரே உட்கார்ந்து முறத்தில் கறுப்பு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பிடித்த உளுந்தஞ்சோற்றுக்கு.

"நாய்க்கு பிளைட்டு. எனக்குத் திருவேங்கடம் பஸ்ஸுல நிக்க எடமில்ல" என்று சிரித்தாள்.

பின்கட்டில் தறி ஓடவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று அப்பா சொல்லியிருந்தார். இப்போது தெருவில் நின்று, சென்னையிலிருந்து வருவதற்கான வண்டிக்கு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"தண்ணியக் கிண்ணத்தோட ஐஸாக்கிருங்க. ஏத்தும்போது சிந்தாது. உருக உருக நக்கிக்கிடும்" என்றேன் போனில்.

"ஏட்டி, கோயில் புத்துமண்ணு அவங்கிட்ட இருக்கும்லா. நாய் நெத்தியிலயும் கொஞ்சம் பூசச் சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"அவன் மேசையில இருக்கு. பூசுதேன்" என்றார் ஆஷிக் அண்ணன்.

கூண்டை இன்றே வீட்டுக்குள் திறந்து போடச் சொன்னேன். படுத்துப் பழகிவிட்டால் பயம் குறையும்.

"போட்டாச்சு தங்கச்சி. அது உள்ள போகமாட்டேங்கு. வாசக்கதவையே பாத்துக்கிட்டுக் கெடக்கு."

நாய்க்கு வாசனைதான் ஆள். அதனால் சொன்னேன்.

"அண்ணன் சட்டை ஒண்ண உள்ள விரிங்க. துவைக்காததா. கடைசியா போட்டிருந்தது."



"அத ஆஸ்பத்திரியில கத்தரிச்சு எடுத்துட்டாங்கம்மா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தலையணை உறை இருக்கும்லா. அத வைங்க."

"என்னட்டி, என்ன கேக்கான்?" என்றாள் அம்மா.

"சீனிக்கு விரிக்க அண்ணன் சட்டை."

"இதுக்கா இம்புட்டு யோசன? போட்டிருக்கதக் கழத்தி வைக்கச் சொல்லு. அவனும் அதே பிளைட்டுலதான வாரான்?"

"ஆமாம்மா. அதே பிளைட்டுதான்."

அது பொய் இல்லை.

போன வாரம், நாயையும் கூடவே அனுப்பிவிடுங்கள் என்று நான் போனில் சொன்னது அம்மா காதில் விழுந்தது. மகன் லீவில் வருகிறான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அன்றே தெருவில் நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். எனக்கு வாயே திறக்கவில்லை.

ஆஷிக் அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வைக்க முடியுமான்னு கேட்டுப் பாத்தேன். அப்படி வைக்க மாட்டாங்களாம். சீனி முன்பக்கம். அவன் பெட்டி பின்பக்கம்."

"சரிண்ணே."

அம்மா முறத்தைத் தட்டினாள். ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

"அவனுக்கு ஜன்னலோர சீட்டு கெடச்சிச்சான்னு கேளுட்டி. இல்லன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டுல்லா வருவான்."

நான் போனில் அதையும் கேட்டேன்.