மிக்ஸி கணக்கில் சேர்ந்த குரல்

எங்கள் வார்டு கிளினிக்குக்கு வருகிற காது கேஸில் பாதி, காதுக்கருவி பண்ணுகிற வம்புதான். ஹாரன், மிக்ஸி என்று திரும்பத் திரும்ப வருகிற சத்தத்தை அது தானாகவே அமுக்கிவிடும். ஊரே அதை மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது.

கார்முகிலனை அவர் மனைவி யாழினிதான் இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஊர்ல எல்லாரும் பேசுறது கேக்குது, நான் பேசுறது மட்டும் கேக்காதாம். நானும் ஒரு வாரமா பேச்சை நிறுத்திட்டேன்."

காதைச் சோதித்தேன். ஒரு பழுதும் இல்லை.

"வீட்ல கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க."

"ஏங்க, இங்க பாருங்க."

அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷத்து "ஏங்க"வை மிக்ஸி கணக்கில் சேர்த்து, அதோடு வருகிற பேச்சையும் கருவி அமுக்கிவிட்டிருந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா."

யாழினி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மெல்ல, "கார்முகிலன்" என்றார்.

அவர் சட்டென்று திரும்பினார். வாயெல்லாம் பல்.

"இப்பக் கேட்டுதா சார்?" என்றேன்.

"சரியாக் கேக்கல டாக்டரம்மா. இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்க."