தம்பியின் இடத்தில்

ஒரு வேன் இன்ஜினில் டீசல் தெளிக்கும் இரண்டு இன்ஜெக்டர்கள் அண்ணன் தம்பியாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சில நாட்களாகத் தம்பி டீசல் தெளிக்காமல் அடிக்கடி நின்றுபோனது. வண்டி குலுங்கியது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

"உன்னாலதான் நமக்குக் கெட்ட பேரு, சோம்பேறி!" என்று அண்ணன் திட்டியது.

"எனக்குக் கரண்டே சரியா வரலண்ணே."

"சாக்குச் சொல்லாதே."

மெக்கானிக் பூங்கோதை ஸ்கேனரை மாட்டினாள். தம்பியின் மின்சுற்றில் கோளாறு என்று அது காட்டியது. தம்பியைக் கழற்றி எறிவதற்கு முன், ஒயர்களை அதனதன் இடத்திலேயே விட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தி இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தாள்.

தம்பி ஒழுங்காகத் தெளித்தது. அண்ணன்தான் திணறி நின்றது. "ஐயோ, எனக்கும் வரலையே!"

முன்பு தம்பியோடும் இப்போது அண்ணனோடும் இணைந்திருந்த ஒயர் தயங்கித் தயங்கிப் பேசியது. "தப்பு என்மேலதான். என்னைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப்புல உரசி உரசி உள்ளே அறுந்துட்டேன். சொன்னா வெட்டிப் போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன்."

அண்ணன் சீறப் போனது. அதற்குள் தம்பி கேட்டது: "இத்தனை நாளா வலிச்சுதா?"

ஒயர் அறுந்த இடத்தைப் பூங்கோதையின் விரல் கண்டுபிடித்தது. அவள் ஒயரை வெட்டிப் போடவில்லை. ஈயம் வைத்துச் சேர்த்து, டேப் சுற்றி, கிளாம்ப்பிலிருந்து தள்ளிக் கட்டினாள்.

வண்டி குலுங்காமல் கிளம்பியது. தம்பியின் இடத்தில் இருந்த அண்ணன் ஒயரிடம் மெல்லச் சொன்னது: "இனிமே எங்கேயாவது உரசினா, முதல்ல என்கிட்ட சொல்லு."