பட்டறைக்குள் இருபது நிமிடம்

"மூணு தடவை கேட்டுப்போட்டேன் அம்மிணி, டீயா காப்பியான்னு. மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல. இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்."

சமையலறைக்குள் வந்து மகள் தமிழினியிடம் பல்லைக் கடித்தார் சின்னுசாமி. குமாரபாளையத்தில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர். கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தால் லேசில் இறங்காது.

"புது இடம், கூச்சமா இருக்குமுங்கப்பா."

"பட்டாளத்துக்காரனுக்கு என்ன கூச்சம்? மெடல் வாங்குன தலைக்கனம். வேறென்ன?"

தமிழினிக்குப் பயமாக இருந்தது. போட்டோவில் பார்த்தபோதே பாதி மனசு போயிருந்தது. இன்று கதவிடுக்கில் பார்த்ததில் மீதியும் போய்விட்டது. அப்பா ஒரு தடவை வேண்டாம் என்று வெளியில் சொல்லிவிட்டால் திரும்ப மாற்றிச் சொல்லமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஹாலில் சந்தோஷ்குமார் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா அங்காளம்மாள். புதுச்சத்திரத்திலிருந்து இவர்கள் இரண்டு பேர்தான் பெண் பார்க்க வந்திருந்தார்கள். சம்பந்தம் முடிவானால்தான் பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிடுவது வழக்கம். பேச்செல்லாம் அம்மாதான்.

"காஷ்மீர்ல நடந்த சண்டைங்க. அடிபட்டுக் கிடந்த ரெண்டு பேரை முதுகுல போட்டுத் தூக்கியாந்துட்டான். மூணாவது ஆளைத் தூக்கப் போறப்ப குண்டு பக்கத்துலயே வெடிச்சுப்போச்சு. அப்பவும் விடலீங்க. மூணு பேரும் இன்னிக்கு உசுரோட இருக்காங்க. அதுக்குத்தான் சேனா பதக்கம் குடுத்தாங்க. கைகாலுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலீங்க. இப்ப ஜபல்பூர்ல ஆபீஸ் வேலைதான்."

சின்னுசாமி எழுந்துபோய் ஃபேன் சுவிட்சைப் போட்டபடியே, "எத்தனை நாள் லீவு மாப்பிள்ளை?" என்றார்.

மாப்பிள்ளை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருபது நாளுங்க" என்றாள் அங்காளம்மாள் அவசரமாக.

"நான் அவருகிட்டத்தானுங்க கேட்டேன். வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா?"

அங்காளம்மாளின் முகம் சுண்டிப்போனது. மகனின் முழங்கையைத் தொட்டாள். அவன் அம்மாவைப் பார்த்தான், திரும்பிச் சின்னுசாமியைப் பார்த்தான். எழுந்து நின்றான்.

"உங்க பொண்ணுகிட்டத் தனியா ரெண்டு வார்த்தை பேசணுமுங்க மாமா." மைதானத்தில் அணிவகுப்பு நடத்துகிற மாதிரி குரல் வீட்டையே அதட்டியது.

"அதெல்லாம் எதுக்கு சாமி, உக்காரு." அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்காரவில்லை. பெற்றவளையே மதிக்காதவன் நாளைக்கு என் மகளையா மதிக்கப்போகிறான் என்று சின்னுசாமி கணக்குப் போட்டார்.

தமிழினி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள். "பட்டறைக்கு வாங்க, பேசலாம்."

"தறி ஓடுது அம்மிணி. பழக்கமில்லாத ஆளு, அந்தச் சத்தத்துல என்ன பேசுவாரு?"

"பேசிக்கறமுங்கப்பா. இருக்கிறது ஒரு ஹாலு. வேற எங்க போறது?"

வீட்டை ஒட்டினாற்போலத்தான் பட்டறை. கதவைத் திறந்ததும் எட்டுத் தறிகளின் சத்தம் ஹாலுக்குள் வந்து விழுந்தது. கதவு மூடிய பிறகும் மேஜை மேல் டம்ளர்கள் கிடுகிடுத்தன. அங்காளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. பொறுக்கமுடியாமல் சின்னுசாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இங்கே வாய் திறக்காத மனுசன் அங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். தமிழினி கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள். சின்னுசாமிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இருபது நிமிடம் கழித்து வந்தவள் நேராக அப்பாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"எனக்கு இவரைத்தானுங்க புடிச்சிருக்கு."

"நான் கேட்டா ஒரு வார்த்தை வரல. அத்தனை சத்தத்துல உன்கிட்ட மட்டும் இருபது நிமிசம் வருதா? என்னை மதிக்கல, அவ்வளவுதான?"

"நீங்க பேசுனது அவருக்குக் கேக்கவே இல்லீங்கப்பா. அந்தக் குண்டுல ரெண்டு காதும் போயிருச்சு. ரெண்டு இடம் இதனாலயே தட்டிப்போச்சுன்னு அவங்கம்மா சொல்ல வேண்டாம்னு இருக்காங்க. அவருதான் மனசு கேக்காம பட்டறைக்குள்ள போனதுமே எங்கிட்டச் சொல்லிட்டாரு." அவள் பட்டறைப் பக்கம் கையைக் காட்டினாள். "தறி ஓடறப்ப நாமெல்லாம் காதுல கேட்டாப்பா பேசிக்கறோம்? மூஞ்சியப் பார்த்து, வாயசைவைப் பார்த்துத்தானுங்களே? அவரும் அப்படித்தான். பட்டறைக்குள்ள அவருக்கும் நமக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீங்கப்பா."

அவன் முதுகைப் பார்த்துப் பேசிவிட்டுத் தலைக்கனம் என்று சொன்னதை நினைக்கச் சின்னுசாமிக்கு வெட்கமாக இருந்தது. ஹாலுக்கு வந்தார். சந்தோஷ்குமாருக்கு நேர் எதிரே நின்று, நாற்பது வருடத் தறிப்பழக்கத்தில், சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்துச் சொன்னார்.

"கை நனைச்சுட்டுத்தான் போகோணும் மாப்பிள்ளை."

"சரிங்க மாமா" என்றான் அவன், கண்கள் கலங்க. அவர் என்ன சொன்னார், இவன் எதற்குச் சரி என்கிறான் என்று விளங்காமல், காது நன்றாகக் கேட்கும் அங்காளம்மாள்தான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.