நீலாம்பாள் என்னும் முகவரி

வலங்கைமானுக்குத் தெற்கே, மோட்டார் கொட்டகை நிழலில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள் செம்மொழி. குழாயிலிருந்து விழும் நீரில் மாலை வெயில் உடைந்து அவள் முகத்தில் ஆடுகிறது. இந்த வயலின் அரிசி இதுவரை வியாபாரிகளின் பெயரில்தான் ஊர் ஊராகப் போனது. இன்று முதல் அம்மா நீலாம்பாளின் பெயரில் போக வேண்டும். அந்தப் பெயரிலேயே வாங்கிய டொமைன் என்னும் இணைய முகவரிக்குக் கீழே அரிசிக்கு ஒன்று, விதைநெல்லுக்கு ஒன்று என இரண்டு கிளை முகவரிகளைப் பிரித்து, பெயரைத் தட்டினால் தளத்துக்கு வழிகாட்டும் டிஎன்எஸ் பதிவில் சர்வரின் எண்ணைக் கொடுத்துவிட்டாள். அந்தப் பதிவு எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. சிங்கப்பூரிலிருக்கும் அண்ணன் பரிதிக்குத் தளம் திறந்துவிட்டது. இங்கே இன்னும் வெள்ளைத் திரைதான். அவள் மறுபடி மறுபடி தட்டிப் பார்க்கிறாள். "நிமிஷத்துக்கொரு தரம் மடையப் போய்ப் பாத்தா தண்ணி ஓடி வந்துருமா? கடைமடைக்குக் கடைசியாத்தான் வரும்" என்று நாற்றுக் கட்டோடு நிற்கும் நீலாம்பாள் சிரிக்கிறாள். "நீ சும்மா இரும்மா." சொல்லி முடிப்பதற்குள் திரையில் எழுத்துகள் இறங்குகின்றன. செம்மொழி திரையை அம்மாவின் பக்கம் திருப்புகிறாள். சேற்றுக்கை படாமல் தள்ளி நின்றபடியே தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படிக்கிறாள் நீலாம்பாள். பிறகு நடவு வயலைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள். "ஏ நாகம்மா, நாம நட்டு அறுத்த அரிசி யாரு பேருல போவுதுன்னு வந்து பாருடி!" வயலில் குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன.