ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது

"ஆலங்காயம் வழியாவா? இன்னா முதலாளி, வெளையாட்றீங்களா?"

தேவசகாயம் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கோபத்தோடு திரும்பினான். ஆம்பூரை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவனுடைய பதினைந்து நாள் உழைப்பில் மண் விழுந்துவிட்டது.

பம்பாய் வரைக்கும் வழி போட்டு வைத்திருந்தான் அவன். சித்திரைக் கோடை மழை எப்போது எங்கே கொட்டும் என்று எவனாலும் சொல்ல முடியாது. எந்த ரோட்டில் சக்கரம் புதையும், எங்கே சுற்றிப் போகலாம் என்று லாரிக்காரர்களைத் துளைத்தெடுத்து ஒரு நோட்டு முழுக்க எழுதியிருந்தான்.

"உள்ள தட்டினது கேக்கல? ஒரு தட்டு இடது, ரெண்டு தட்டு வலது. கிளம்பறப்பவே சொன்னேனே," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிசார் அஹமது, தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி.

பழைய லாரி ஒன்றின் மேல் மரத்தால் அறை கட்டி, கட்டில், அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் வைத்து வீடாகவே மாற்றியிருந்தார் அவர். சுற்றிலும் கறுப்புத் திரை. உள்ளே கண் நோய்க்காரர். வெளிச்சம் படக்கூடாது, ரயில் கரி கண்ணில் விழக்கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் ஆபரேஷன் உண்டு, சனிக்கிழமை நான் சீமைக்குக் கப்பல் ஏறுகிறேன் என்று பம்பாய் டாக்டர் எழுதியிருந்தார்.

உள்ளே இருப்பது முதலாளியின் மனைவி அக்தரி பேகம் என்று தேவசகாயம் தானாகவே புரிந்துகொண்டான். பெரிய வீட்டுப் பெண்களைப் பற்றி வாயைத் திறந்து கேட்பது மரியாதை இல்லை. அதனால் கேட்கவில்லை. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் அவனே கூப்பிடு தூரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பீடி பிடித்தான். சாப்பாட்டை முதலாளிதான் உள்ளே கொடுத்தார்.

வேண்டா வெறுப்பாக இடது பக்கம் திருப்பினான். திருப்பத்தூரில் டீ குடிக்கும்போது ஒரு பஸ்காரன் சொன்னான்: மேற்கே பெய்த மழையில் வாணியம்பாடிக்கிட்டே பாலாற்றில் திடீரென்று தண்ணீர் வந்து, ஏழு வண்டி மணலில் நிற்கிறதாம்.

தேவசகாயத்துக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் தும்கூரிலும் அதே கதை. கூட்டு ரோடு வந்ததும் நிசார் அஹமது ஊர்ப் பெயரை உரக்கச் சொல்வார். உள்ளே ஜன்னல் கொஞ்சம் திறக்கும், மூடும். பிறகு தட்டு விழும். அவன் நோட்டு வலது என்றால் தட்டு இடது என்றது. ஹூப்ளிக்கு முன்னால் இவர்கள் விலகி வந்த ரோட்டில் கரிசல் மண் களியாகி, லாரிகள் அச்சு வரை புதைந்து கிடந்தனவாம்.

அன்று சாயங்காலம் அவனால் பொறுக்க முடியவில்லை.

"நான் டிரைவரா, இல்ல மூக்கணாங்கயிறு போட்ட மாடா? ரோட்டையே பாக்காதவங்க எனக்கு ரோடு சொல்றதா? ராத்திரி கண்ணு முழிச்சி எழுதினேன் முதலாளி."

"ஜாஸ்தி பேசாத. நேரத்துக்குப் போய்ச் சேரணும். அதான் முக்கியம்."

"போய்ச் சேத்துட்டா இந்த வேல எனக்கு நிரந்தரந்தானே? ரெண்டு மாசமா கேக்கறேன், பிடி கொடுக்க மாட்றீங்க."

"மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் பாக்கலாம்."

"அந்த ராமலிங்கம் திரும்பி வருவான்னு பாக்கறீங்களா? பத்து வருஷம் ஓட்டி இன்னா பிரயோஜனம்? பட்டப்பகல்ல தூங்கி வழிஞ்சி புளியமரத்துல வண்டிய முட்டினவன். அவன் கூட ஒரு வண்டியில ஏற மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேன், இப்பவும் சொல்றேன். அவன் ஒரு டிரைவரா?"

உள்ளேயிருந்து தடதடவென்று ஏழெட்டுத் தட்டு விழுந்தது.

இடதும் இல்லை, வலதும் இல்லை. பேகத்துக்குச் சத்தம் ஆகாது போலிருக்கிறது என்று தேவசகாயம் வாயை மூடிக்கொண்டான். முதலாளி வேறு பக்கம் பார்த்து இருமினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பம்பாய் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. ஒரு இடத்தில்கூடச் சக்கரம் புதையவில்லை. தட்டியது யாராக இருந்தால் என்ன, ஓட்டியது நான்தானே என்று தேவசகாயத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வேலை இனி நம்முடையதுதான் என்று நினைத்துக்கொண்டே, வழக்கம்போல இறங்கித் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"எங்க போற? இங்க வா, கைய பிடிச்சி இறக்கு," என்று கூப்பிட்டார் நிசார் அஹமது.

தேவசகாயத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நானா? முதலாளி, பேகம் அம்மாவ நான் எப்படி..."

"பேகம் ஆம்பூர்ல வீட்ல இருக்காங்க. யாருன்னு சொல்லியிருந்தா நீ வண்டிய எடுத்திருப்பியா? பத்து வருஷம் இந்த ரோட்ல தோல் ஏத்தினவன். நனைஞ்சா சரக்கு அழுகிடும்னு காத்த மோந்தே மழை சொல்லக் கத்துக்கினான்."

கறுப்புத் திரை விலகியது. கண்ணில் பச்சைத் துணி கட்டிய ஒரு நரைமீசைக்காரர் படியைக் காலால் துழாவினார்.

"நல்லாத்தான் ஓட்ற தேவசகாயம்," என்றார் ராமலிங்கம், அவன் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டு. "கண்ணு மட்டும் தெரிஞ்சிடட்டும், திரும்பிப் போறப்போ நான் ஓட்றேன், நீ உள்ள படுத்துக்கோ."