மாமாவின் பத்தியம்

"உண்மையைச் சொல்லுங்க மாமா. நேத்து பேக்கரிப் பக்கம் போனீங்களா, இல்லையா?"

"உன் மேல சத்தியமா இல்லம்மா. வாசனை வந்துச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு வந்துட்டேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவின் இரும்பு நாற்காலிகளில் மாமனாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலேயே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாயிற்று. மாமாவுக்குத்தான் பரிசோதனை, கூட வந்த பாவத்துக்கு அவள் கையிலும் ஊசி ஏறியது. ஆறு மாதத்துக்கு முன்பும் இதே கதைதான். "சும்மாதானே நிக்கிறே, நீயும் கையை நீட்டு" என்று மாமா பிடித்துத் தள்ளியிருந்தார்.

அந்தத் தடவை ரிசல்ட் வாங்கப் போன மனுஷன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு தாளோடு வந்து நின்றார்.

"சர்க்கரை எட்டிப் பார்க்குதாம்மா. ஆறு மாசம் வாயைக் கட்டினா தப்பிச்சுக்கலாமாம். இல்லேன்னா ஆயுசு பூரா மாத்திரைதானாம். என்ன திங்கலாம், என்ன திங்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

அவள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள். கணவனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் ஒரு மாதம்தான் வீடு. தையல் கம்பெனியில் அவள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது, கொட்டுகிற மழையிலும் கேட்டுக்கு எதிரே குடையோடு நிற்பவர் இவர்தான். அவள் காய்ச்சலில் கிடந்தபோது முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கையால் துணி துவைத்துப் போட்டவரும் இவர்தான். இவருக்கு ஒன்று என்றால் அவள் எங்கே போவாள்?

தனக்கென்று ஒரு முட்டைகூட உடைத்து ஊற்றிக்கொள்ளாதவள் அவள். நின்றபடியே சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றுவிட்டு, நாலு கிரீம் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிற ஜென்மம். ஆனால் மாமாவுக்கு என்றதும் அந்தத் தாளை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்து வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

முதல் வேலையாக எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது. பொரித்த உருளைக்கிழங்கு என்றால் மாமாவுக்கு உயிர். அதற்குப் பதிலாகக் கேரட்டை விரல் விரலாக நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி, ஓவனில் வாட்டினாள். மக்ரோனியில் பாதியைக் குறைத்துக் காய்கறி சேர்த்தாள். அதற்கு ஊற்றுகிற வெண்ணெய் சாஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலிஃபிளவரை வேகவைத்து அரைத்து ஊற்றினாள். ஐஸ்கிரீம் கேட்டால், உறையவைத்த தயிரில் நாலு பழத்துண்டு.

"ஏம்மா, கேரட்டை நீளமா வெட்டினா உருளைக்கிழங்கு ஆயிடுமா?" என்று முதல் நாள் மாமா தட்டை முறைத்தார்.

"சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

"தனியா எனக்குத் தொண்டையில இறங்காது. நீயும் ஒரு தட்டுப் போட்டுக்கிட்டு உட்காரு. நான் மட்டும் ஏன் கஷ்டப்படணும்?"

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். ஆறு மாதமாக மூன்று வேளையும் எதிரெதிரே அதே தட்டு, அதே சாப்பாடு. சாயங்கால நடைக்கும் அவள் வந்தாக வேண்டும். தனியாக நடந்தால் அவருக்குப் போரடிக்கிறதாம். சின்னப் பிள்ளைகூட இவ்வளவு அடம் பிடிக்காது என்று அலுத்துக்கொண்டே அவளும் செருப்பை மாட்டுவாள்.

நர்ஸ் கூப்பிட்டாள். இருவரும் எழுந்து உள்ளே போனார்கள்.

மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா தாளைப் புரட்டி, பழைய தாளோடு வைத்துப் பார்த்தார்.

"போன தடவை நூத்தி இருபத்திரண்டு. இப்போ தொண்ணூத்தி நாலு. மாத்திரையே வேண்டாம். இப்படியே சாப்பிட்டா போதும்."

மாமா பெருமூச்சு விட்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ரொம்ப நன்றி டாக்டர். பாவம், பிடிச்சதையெல்லாம் விட்டுட்டு, என்னைத் திட்டிக்கிட்டே ஆனாலும் ஒரு வாய் மிச்சம் வைக்காம சாப்பிட்டார். உங்களை விட இவருக்குத்தான் நான் நன்றி சொல்லணும்."

"கண்டிப்பா சொல்லணும்" என்ற டாக்டரம்மா, தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க ரிசல்ட்டும்மா. அவருக்கு என்னைக்குமே சர்க்கரை இருந்ததில்லையே, சொல்லலையா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குன்னு சொல்லியிருந்தா நீ அடுப்பையே பத்த வெச்சிருக்க மாட்டியேம்மா" என்றார். "சரி, இப்பவாவது எனக்கு மட்டும் அந்த எண்ணெய்ச் சட்டியைப் பரண்ல இருந்து இறக்குவியா?"